ஷெல் கிடையாது, எஸ்எஃப்டிபி மட்டும்: கோலார் ஸ்கேன்களைச் சர்வரில் ஏற்றிய அனுபவம்

தூரத்துச் சர்வரோடு பாதுகாப்பாக இணையும் எஸ்எஸ்ஹெச் கணக்கு கையில் இருக்கிறது, ஆனால் அதில் ஷெல், அதாவது கட்டளை தட்டும் இடம், கிடையாது, ஒரு கட்டளையும் ஓடாது. எஸ்எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறையில் கோப்பு ஏற்றலாம், இறக்கலாம், பெயர் மாற்றலாம், அழிக்கலாம், அவ்வளவுதான். இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பெரிய ஸ்கேன் தொகுப்பை எப்படி ஏற்றினேன், எப்படிச் சரிபார்க்கிறேன் என்பதுதான் இந்தப் பதிவு. கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்ததால் வழக்கமான கையேடுகளில் பார்க்க முடியாத சில சிக்கல்களும் வந்தன. அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன், தமிழில் கோப்பு வைத்திருக்கும் யாருக்கும் அது வரலாம்.

தொகுப்பு கோலார் தங்கவயல் தமிழர்களுடையது. சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது பெங்களூர் ராமமூர்த்தி நகரில் மகன் வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர் சேர்த்து வைத்தவை: நாடக நோட்டீஸ், திருவிழா அழைப்பிதழ், வாசகசாலை ஆண்டு மலர், தொழிற்சங்கத் துண்டறிக்கை, குழுப் படங்கள். 1902லேயே சிவனசமுத்திரத்தில் இருந்து மின்சாரம் வந்த ஊர் அது. சுரங்கம் 2001ல் மூடப்பட்டது. இடையில் இருக்கும் நூறு வருடத்துத் தாள்களில் பலவும் ஒரே ஒரு பிரதியாக யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலோ இருக்கக்கூடியவை. அதனால் ஒரு ஸ்கேன் பாதியில் அறுந்து சர்வரில் கிடந்தால், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்த வேலையில் நான் எடுத்த எல்லா முடிவுகளுக்கும் காரணம் இதுதான்.

இடம் கொடுத்தவர் இந்திராநகரில் இருக்கும் தோழி. தன் தொழிலுக்காக ஜெர்மனியில் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "அண்ணா, ஷெல் மட்டும் கேட்காதீங்க. இந்த மெஷின்ல வேற ஆளுங்க டேட்டாவும் இருக்கு." அவர் சொன்னது முழுக்க நியாயம். வேறு ஒருவரின் பொருளைக் காக்க வேண்டியவர் கதவை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டைச் சுற்றிப் போகும் வழிகளைத் தேடுவதில் எனக்கு விருப்பமில்லை. உள்ளே இருந்தபடி என்ன செய்யலாம் என்று பார்த்தால் வேண்டிய அளவுக்கு இருக்கிறது.

முதலில் அந்தக் கட்டுப்பாடு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எஸ்எஸ்ஹெச் இணைப்பில் ஒரு செஷன் திறந்ததும் நம் பக்கம் மூன்று விதமாகக் கேட்கலாம்: ஷெல் கொடு, இந்தக் கட்டளையை ஓட்டு, சர்வரில் முன்பே அமைத்துவைத்த இந்தத் துணைச் சேவையை (சப்சிஸ்டம்) தொடங்கு. எஸ்எஃப்டிபி மூன்றாவது வகை. பெயரைப் பார்த்துப் பழைய எஃப்டிபியைப் பாதுகாப்பாக ஆக்கியது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, இது தனி நெறிமுறை. தோழி தன் சர்வர் அமைப்பில் என் கணக்குக்கு ஃபோர்ஸ்கமாண்ட் என்ற வரியில் இன்டர்னல்-எஸ்எஃப்டிபி என்று போட்டிருக்கிறார், எஸ்எஃப்டிபி தவிர வேறு எதுவும் ஓடாது. இந்த இணைப்பு வழியாக வேறு வலைப் போக்குவரத்தை அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங்கையும் மூடியிருக்கிறார். கூடவே சிஹெச்-ரூட் டைரக்டரி ஒன்று. அதனால் எனக்கு என் கோப்புறைதான் மொத்த உலகம், அதற்கு மேலே ஒன்றும் தெரியாது. பெரும்பாலான சர்வர்களில் ஓடும் எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் 2008ல் இருந்தே இன்டர்னல்-எஸ்எஃப்டிபி, சிஹெச்-ரூட் ஆகிய இரண்டு வசதியும் உண்டு.

உள்ளே போனதும் பலர் திகைக்கும் இடம் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேல் மட்டத்தில் ஒரு கோப்பை வைக்கப் பார்த்தால் அனுமதி இல்லை என்று வரும். நம் கோப்புறைதானே, ஏன் எழுத விடவில்லை என்று தோன்றும். சிஹெச்-ரூட் ஆகும் கோப்புறையும் அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு கோப்புறையும் ரூட் பயனருக்கே, அதாவது சர்வர் நிர்வாகிக்கே, சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாருக்கும் எழுதும் உரிமை இருக்கக்கூடாது என்பது ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் விதி. இல்லையென்றால் இணைப்பையே துண்டித்துவிடும். அதனால் உள்ளே ஒரு துணைக் கோப்புறை போட்டு அதற்குத்தான் நமக்கு உரிமை தருவார்கள். எனக்குக் கிடைத்தது 'தொகுப்பு' என்ற கோப்புறை.

இனி எது ஓடாது என்பது. கோப்புறைகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் ஓடாது. அது எதிர்முனையிலும் ஒரு ஆர்சிங்க்கைக் கட்டளையாக ஓட்டிப் பேசும் கருவி. இங்கே அந்தக் கட்டளை கேட்கப்பட்டதும், இந்தச் சேவை எஸ்எஃப்டிபி இணைப்புகளை மட்டும் அனுமதிக்கும் என்று சர்வர் ஒரு வரி எழுதிவிட்டு மூடிவிடுகிறது. நம் ஆர்சிங்க் அந்த வரியின் முதல் எழுத்துகளை நெறிமுறைப் பதிப்பு எண் என்று நினைத்துப் படித்து, பதிப்பு பொருந்தவில்லை, உங்கள் ஷெல் சுத்தமாக இருக்கிறதா என்று கேட்கும். அதை நம்பி உள்ளூர் ஷெல் அமைப்பைக் குடைந்துகொண்டிருக்கத் தேவையில்லை. கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி விஷயத்தில் பதிப்பைப் பார்க்க வேண்டும். 2022ல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.0 முதல் எஸ்சிபி கட்டளை உள்ளுக்குள் எஸ்எஃப்டிபியைத்தான் பயன்படுத்துகிறது, அதனால் ஓடும். பழைய உபுண்டு வைத்திருப்பவருக்கு ஓடாது. ஒரே சர்வர், ஒருவருக்குப் போகிறது, இன்னொருவருக்குப் போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதை. நிரல் எழுதும் மென்பொருளான விஎஸ் கோடின் ரிமோட் எஸ்எஸ்ஹெச் நீட்சியும் ஓடாது, அது சர்வரில் தன் துணை நிரல் ஒன்றை நிறுவி ஓட்டப் பார்க்கும்.

உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் எண்ணான எம்டி5 எடுக்க முடியாது, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய டார் கோப்பைப் பிரிக்க முடியாது, கோப்பு தேட முடியாது. ஆகவே யோசிக்கும் வேலை எல்லாம் நம் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. சர்வர் ஒரு குடோன், கொடுத்ததை வைத்துக்கொள்ளும், கேட்டால் எடுத்துத் தரும். உள்ளே என்ன இருக்கிறது, சரியாக இருக்கிறதா என்ற கணக்கு நம் நோட்டில்தான் இருக்க வேண்டும். இதை ஏற்றுக்கொண்டபின் வேலை சீராகப் போனது.

அமைப்புக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. தனியாக ஒரு சாவி உருவாக்கிப் பொதுச் சாவியைத் தோழிக்கு அனுப்பினேன். சர்வரின் கைரேகையை, அதாவது அது அதே சர்வர்தான் என்று காட்டும் அடையாள எண்ணை, அவரிடம் போனில் வரி வரியாகக் கேட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் முதல் இணைப்புக்கு ஆம் என்று சொன்னேன். எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பில் சர்வருக்கு ஒரு சிறு பெயர், அதன்கீழ் கன்ட்ரோல்மாஸ்டர், கன்ட்ரோல்பெர்சிஸ்ட். ஒருமுறை திறந்த இணைப்பையே அடுத்தடுத்த கட்டளைகளும் பயன்படுத்திக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் கைகுலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு இணைப்பில் பத்து செஷன் வரைதான் என்பது சர்வரின் இயல்பு அமைப்பு, அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சர்வர்அலைவ்இன்டர்வல் 15 நொடி என்று வைத்தேன். மழைக்காலச் சாயங்காலங்களில் எங்கள் தெருவில் கரண்ட் போய் ரௌட்டர் அணைந்துவிடும். இந்த வரி இல்லையென்றால் செத்துப்போன இணைப்பைப் பிடித்துக்கொண்டு முனையம் அப்படியே உறைந்து நிற்கும். இப்போது முக்கால் நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

சின்னத் திருத்தங்களுக்கு எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ். எஸ்எஃப்டிபி மட்டும் இருந்தால் போதும், சர்வரின் கோப்புறை நம் கணினியில் ஒரு கோப்புறை போலவே வந்து உட்காரும். தொகுப்பில் இருப்பதைப் பட்டியலிடும் அட்டவணை வலைப்பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த, ஒரு வரி சேர்க்க இதைவிட எளிய வழி இல்லை. ரீகனெக்ட் ஆப்ஷனைக் கட்டாயம் போடுங்கள். அதற்கும் மீறித் தொங்கிப்போனால் ஃபியூசர்மவுன்ட் கட்டளையைச் சோம்பல் முறையில் கொடுத்துக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டலாம்.

ஆனால் பெரிய படங்கள் இருக்கும் கோப்புறையை எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் வழியாக ஃபைல் மேனேஜரில் திறக்காதீர்கள். சிறுபடம் காட்டுவதற்காக அது ஒவ்வொரு டிஃப் (TIFF) படக் கோப்பையும் முழுசாக இறக்கிப் படிக்கத் தொடங்கும். ஒவ்வொன்றும் 70, 80 எம்பி. திரையில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், நெட் மட்டும் அடைத்துக்கொண்டு ஓடும். ஃபைல் மேனேஜர் அமைப்பில் வெளிக் கோப்புகளுக்குச் சிறுபடம் வேண்டாம் என்று ஒரு தேர்வு உண்டு, அதைப் போட்டுவிட்டேன். ஏற்றியதைச் சரிபார்ப்பதற்கும் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் ஏற்றதல்ல. இப்போதுதான் எழுதிய கோப்பைத் திரும்பப் படித்தால் நம் கணினியின் நினைவகத்தில் இருப்பதையே எடுத்துக் காட்டிவிடலாம்.

மொத்தமாக ஏற்றுவதற்கு ஆர்க்ளோன். எல்எஃப்டிபியின் மிரர் கட்டளையும் நன்றாகவே செய்யும், பழகியவர்கள் அதிலேயே இருக்கலாம். நான் ஆர்க்ளோனை எடுத்தது சரிபார்க்கும் வசதிக்காக. இரண்டு விஷயங்களை அதன் அமைப்பில் கவனிக்க வேண்டும். ஒன்று, ஷெல் டைப் என்ற இடத்தில் 'நன்' (none), அதாவது ஷெல் இல்லை, என்று கொடுப்பது. இல்லையென்றால் அது எதிர்முனையில் ஷெல் இருக்கிறதா, எம்டி5 கட்டளை இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாவது இன்னும் முக்கியம். ஆர்க்ளோன் தன் சொந்த எஸ்எஸ்ஹெச் நிரலைத்தான் பயன்படுத்துகிறது, நாம் எழுதிவைத்த எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பைப் படிப்பதில்லை. சரிபார்த்த சர்வர்களின் கைரேகை பதிந்திருக்கும் நோன்ஹோஸ்ட்ஸ் கோப்பு எங்கே இருக்கிறது என்று நாமாகச் சொல்லாவிட்டால் சர்வரின் கைரேகையைச் சரிபார்க்காமலே இணைந்துவிடும். போனில் வரி வரியாகக் கேட்டுச் சரிபார்த்ததற்கு அப்புறம் என்ன பயன்? அந்த ஒரு வரியைச் சேர்க்காமல் யாரும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்பேன்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. என் வீட்டில் இருந்து அந்தச் சர்வருக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 150 மில்லிசெகண்ட். பெரிய கோப்புக்கு இது தடையே இல்லை. ஆர்க்ளோன் இயல்பாக 32 கிலோபைட் துண்டுகளாக வெட்டி, பதிலுக்குக் காத்திராமல் 64 துண்டுகளை அடுத்தடுத்து அனுப்பிவிடும். அதாவது எந்த நேரமும் 2 எம்பி வழியில் இருக்கும். கணக்குப் போட்டால் நொடிக்கு 13 எம்பி வருகிறது, என் வீட்டு இணைப்பின் ஏற்று வேகம் அதற்குக் கீழேதான். சின்னக் கோப்புகள்தான் படுத்தும். ஒவ்வொன்றுக்கும் திற, எழுது, நேரத்தைப் பதி, மூடு என்று நான்கு முறையாவது போய்வர வேண்டும். 20 கிலோபைட் சிறுபடமானாலும் 0.6 நொடி. ஆயிரம் சிறுபடம் என்றால் வெறும் காத்திருப்பே பத்து நிமிடம். நெட் வேகத்தைக் கூட்டினாலும் இது குறையாது, ஒரே நேரத்தில் பல கோப்புகளை அனுப்பினால்தான் குறையும். ஆர்க்ளோன் இயல்பாக நான்கு கோப்புகளை ஒன்றாக அனுப்பும், தோழியிடம் கேட்டுக்கொண்டு எட்டாக்கினேன். சொந்தச் சர்வர் என்றால் எல்லாவற்றையும் ஒரு டார் கோப்பாகக் கட்டி அனுப்பி அங்கே பிரிக்கலாம், இங்கே பிரிக்க ஆள் கிடையாது.

இனி தமிழ்ப் பெயர்கள். ஸ்கேன்கள் இரண்டு இடத்தில் இருந்து வந்தன. பெரியவரின் மகன் விண்டோஸ் மடிக்கணினியில் சிலவற்றை எடுத்திருந்தார், பேத்தி பழைய மேக்கில் சிலவற்றை எடுத்து ஜிப் செய்து கொடுத்திருந்தார். இரண்டையும் என் உபுண்டு கணினியில் ஒரே இடத்தில் பிரித்தபோது 'கோலார்' என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் வந்து நின்றன. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு. கண்ணால் எந்த வேறுபாடும் தெரியவில்லை, எழுத்து எழுத்தாக உற்றுப் பார்த்தாலும் இல்லை.

வேறுபாடு 'கோ'வில் இருந்தது. யூனிகோடில் அந்த ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். க என்ற எழுத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகப் போடுவது ஒரு விதம். இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வருவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பைட்டாகப் பார்த்தால் முதல் 'கோலார்' 18 பைட், இரண்டாவது 21. ஒகரக் குறி, ஔகாரக் குறி, 'ஔ' எழுத்து ஆகியவற்றுக்கும் இதே நிலை. பழைய மேக்குகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்து வைக்கும், ஜிப்பிலும் அப்படியே வந்துவிடும். விண்டோஸ் நாம் தட்டியதை அப்படியே வைக்கும், அது பெரும்பாலும் சேர்ந்த வடிவம். லினக்ஸின் கோப்பு முறையான எக்ஸ்ட்4 பைட்டை மட்டும்தான் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது. எஸ்எஃப்டிபியின் மூன்றாம் பதிப்பும் பெயர் எந்தக் குறிமுறையில் இருக்க வேண்டும் என்று எதுவும் சொல்வதில்லை, கொடுத்த பைட்டை அப்படியே கொண்டுபோய் வைக்கும்.

இதை அப்படியே ஏற்றியிருந்தால் என்ன ஆகும்? அட்டவணைப் பக்கத்தில் நான் தட்டச்சு செய்யும் சுட்டி சேர்ந்த வடிவில் இருக்கும், சர்வரில் கோப்பு பிரிந்த வடிவில் இருக்கும். சொடுக்கினால் 404, அதாவது கோப்பு இல்லை என்று வரும். கோப்பு கண்முன்னே பட்டியலில் இருக்கிறது, திறக்க மட்டும் வராது. காரணம் தெரியாதவர் நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆர்க்ளோன் பெயர்களை ஒப்பிடும்போது இரண்டு வடிவத்தையும் ஒன்றாகவே பாவிக்கும், நல்ல விஷயம். ஆனால் எல்லாக் கருவியும் அப்படி இல்லை. பைட்டை மட்டும் ஒப்பிடும் கருவியில் அழிக்கும் ஆப்ஷனையும் போட்டு ஓட்டினால், நம் பக்கம் இல்லாத பெயர் என்று சர்வரில் இருக்கும் நல்ல பிரதியையே அது தூக்கிவிடும்.

ஆகவே ஏற்றுவதற்கு முன்பே எல்லாப் பெயரையும் சேர்ந்த வடிவுக்கு, அதாவது என்எஃப்சிக்கு, மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். கான்வ்எம்வி என்ற சிறு கருவி இதற்கென்றே இருக்கிறது, முதலில் என்ன செய்யப் போகிறேன் என்று காட்டிவிட்டு, உறுதியாகச் சொன்னால்தான் மாற்றும். பைத்தானின் யூனிகோட் தொகுதியை வைத்துப் பத்து வரியில் நாமே எழுதிக்கொள்ளவும் செய்யலாம். ஒரே பெயர் இரண்டு வடிவிலும் இருக்கும் இடத்தில் மட்டும் கையால் பார்த்துச் சேர்த்தேன். அங்கே அவசரப்படக் கூடாது. இரண்டு கோப்புறையிலும் ஒரே எண்ணில் வேறு வேறு பக்கங்கள் இருந்தன.

அடுத்தது பெயரின் நீளம். மகன் தன் மடிக்கணினியில் இருந்து வின்எஸ்சிபி என்ற விண்டோஸ் எஸ்எஃப்டிபி மென்பொருள் வழியாகச் சில கோப்புகளை நேராக ஏற்றிப் பார்த்தார். சில போயின, சில போகவில்லை. போகாதவற்றுக்கு வந்த பிழைச்செய்தி, தவறான செய்தி, பாக்கெட் வடிவம் கெட்டிருக்கிறது அல்லது நெறிமுறை பொருந்தவில்லை, பிழை எண் 5 என்றது. படித்தால் ஏதோ பெரிய வலைப்பின்னல் கோளாறு போல இருக்கிறது. உண்மையில் பெயர் நீளம், அவ்வளவுதான். எக்ஸ்ட்4 ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் வரைதான் இடம் தரும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் யூடிஎஃப்-8ல் 3 பைட். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாகக் கணக்கில் வரும், 'ஸ்ரீ' ஒன்றுக்கே 12 பைட் போய்விடும். ஆக மொத்தம் 85 குறியீடு, அதில் எழுத்து என்று நாம் எண்ணுவது ஐம்பது சொச்சம்தான் தேறும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைட்டை எண்ணாமல் 255 குறியீடு வரை விடும். அதனால் மகனின் கணினியில், நாடகத்தின் பெயர், நடத்திய மன்றம், இடம், தேதி எல்லாம் சேர்த்த நீண்ட பெயர்கள் எந்தத் தொந்தரவும் தராமல் இருந்திருக்கின்றன.

பிழை எண் 5க்கும் காரணம் உண்டு. எஸ்எஃப்டிபி வரைவுகள் கடைசி வரை முறையான இணையத் தர ஆவணம் (ஆர்எஃப்சி) ஆகவில்லை. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் இன்றும் மூன்றாம் பதிப்பில்தான் நிற்கிறது. அந்தப் பதிப்பில் சர்வர் சொல்லக்கூடிய நிலைகள் ஒன்பதுதான். பெயர் நீளம் என்பதற்குத் தனி எண் கிடையாது, இருப்பதில் பக்கத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறது. வட்டு நிறைந்துவிட்டாலும் வெறுமனே 'தோல்வி' என்றுதான் வரும், ஏன் என்று வராது. அதனால் தோல்வி என்று கண்டால் எஸ்எஃப்டிபி முனையத்தில் டிஎஃப் கட்டளையைக் கொடுத்து எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவேன். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வர் என்றால் ஷெல் இல்லாமலே அது பதில் சொல்லும்.

255க்குள் வந்துவிட்டாலும் போதாது. வின்எஸ்சிபி பெரிய கோப்புகளை ஏற்றும்போது பெயருக்குப் பின்னால் ஃபைல்பார்ட் என்று ஒட்டி ஏற்றிவிட்டு, முடிந்ததும் உண்மைப் பெயருக்கு மாற்றும். ஆர்க்ளோனும் 1.63 பதிப்பு முதல் பார்ஷியல் என்று ஒட்டுகிறது. நல்ல வழக்கம்தான், பாதி ஏறிய கோப்பு முழுக் கோப்பின் பெயரில் ஒருபோதும் கிடக்காது. ஆனால் 250 பைட் பெயருக்கு ஃபைல்பார்ட் என்ற வால் ஒட்டினால் எல்லை தாண்டிவிடும். கடைசியில் பெயரைச் சுருக்குவது என்று தீர்மானித்தோம். கோப்புறைக்கு மட்டும் சின்னத் தமிழ்ப் பெயர், உள்ளே கோப்புகளுக்கு ஆண்டும் வரிசை எண்ணும். முழுத் தலைப்பு, மன்றம், இடம் எல்லாம் அட்டவணைக் கோப்பில். பெரியவருக்கு இதில் கொஞ்சம் வருத்தம். "பேரைப் பார்த்தாலே என்ன நாடகம்னு தெரியணும் தம்பி" என்றார். அவர் சொன்னதிலும் அர்த்தம் இருக்கிறது. அட்டவணையில் இருந்து தலைப்போடு கூடிய பக்கம் ஒன்றைத் தயாரித்து அவர் டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தேன். அதில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்.

குறித்த நேரத்தில் வேலையைத் தானாகத் தொடங்கும் க்ரான் வழியாக இரவில் ஓடும் வேலைக்கு இன்னொன்றும் கவனிக்க வேண்டும். க்ரான் சூழலில் மொழி அமைப்பு எதுவும் இருக்காது. அதனால் எஸ்எஃப்டிபி கட்டளை எழுதும் பதிவில் 'க' என்பது 340 256 225 என்று பின்சாய்வுக் கோடுகளோடு எண்களாக வரும். கோப்புப் பெயர் கெட்டுவிட்டதோ என்று பயம் வரும். கெடவில்லை, காட்டுவதில்தான் கோளாறு. ஸ்கிரிப்டின் தலையில் யூடிஎஃப்-8 மொழி அமைப்பை ஒரு வரியில் கொடுத்தால் தமிழாகவே வரும்.

இப்போது சரிபார்ப்பு. ஏற்றுவதற்கு முன் என் கணினியில் ஒவ்வொரு கோப்புக்கும், எம்டி5 போன்ற சரிபார்ப்பு எண்ணான ஷா-256 கணக்கிட்டு ஒரு பட்டியல் எடுத்து வைத்தேன். சர்வரில் கணக்கிட வழி இல்லாததால் ஆர்க்ளோன் இயல்பாக அளவையும் நேரத்தையும் மட்டும் ஒப்பிடும். அளவு சரி என்பதால் உள்ளடக்கம் சரி என்று ஆகிவிடாது. ஆகவே செக் கட்டளையோடு டவுன்லோட் ஆப்ஷன். கோப்பை முழுசாகத் திரும்ப இறக்கி, வட்டில் எழுதாமல், பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்க்கும். நேரம் எடுக்கும்தான். வீட்டு இணைப்பில் இறக்கும் வேகம் அதிகம் என்பதால் இரவில் விட்டால் காலையில் முடிந்திருக்கும். ஷெல் இல்லாத சர்வரில் இதற்கு மாற்று கிடையாது என்பது என் உறுதியான கருத்து. திரும்பப் படித்துப் பார்க்காத பிரதியை நான் பிரதி என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

பாதியில் நின்ற ஏற்றத்தைத் தொடர எஸ்எஃப்டிபி முனையத்தில் ரீபுட் (reput) என்று ஒரு கட்டளை உண்டு. சர்வரில் எவ்வளவு இருக்கிறது என்று அளவைப் பார்த்து, அந்த இடத்தில் இருந்து மீதியை ஒட்டும். ஏற்கனவே இருப்பது இதே கோப்பின் முன்பாதிதானா என்று பார்க்காது. ஒரு டிஃப் பாதி ஏறி நிற்கிறது, இடையில் யாரோ அதே பெயரில் ஓரம் வெட்டிய புதிய பிரதியைப் போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். ரீபுட் கொடுத்தால் தலை பழையது, வால் புதியது. அளவு அச்சொட்டாகப் பொருந்தும். சில நேரம் படம் திறக்கவும் செய்யும், கீழ்ப்பாதி மட்டும் சற்று விலகி நிற்கும். 70 எம்பிக்காக இந்த ஆபத்து வேண்டாம் என்று இந்தத் தொகுப்பில் ரீபுட்டைப் பயன்படுத்துவதே இல்லை, நின்றால் முதலில் இருந்து. பல ஜிபி அளவுள்ள ஒற்றைக் கோப்பு என்றால் தொடரலாம், ஆனால் அதன்பின் கட்டாயம் திரும்ப இறக்கி ஷா-256 பார்க்க வேண்டும்.

அனுமதி பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்எஃப்டிபியின் புட் கட்டளை நம் கணினியில் அந்தக் கோப்புக்கு என்ன அனுமதி இருக்கிறதோ அதையே கேட்டு அங்கே உருவாக்கும். ஸ்கேன் மென்பொருள் சில கோப்புகளை உரிமையாளர் மட்டும் படிக்கும்படி 600 என்று எழுதியிருந்தது. ஏற்றினால் வலைச்சர்வரால் படிக்க முடியாமல் 403, அதாவது அனுமதி இல்லை என்று வந்தது. எஸ்எஃப்டிபியிலேயே அனுமதியை மாற்றும் சிஹெச்மாட் கட்டளை உண்டு, மாற்றிவிடலாம். ஏற்றுவதற்கு முன்பே மாற்றுவது இன்னும் நல்லது.

ஏற்றி முடித்தபின் நடக்கும் திருத்தங்களுக்குப் பெரும்பாலும் மறுபடி ஏற்ற வேண்டியதே இல்லை. போன வாரம் பெரியவர் டேப்லெட்டில் ஒரு குழுப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது சாம்பியன் ரீஃப் இல்ல தம்பி, மாரிக்குப்பம். பின்னாடி அந்த ஸ்டேஷன் கொட்டகை தெரியுது பாரு" என்றார். ஒரு கோப்புறை முழுக்கத் தவறான ஊரின் கீழ் இருந்திருக்கிறது. எஸ்எஃப்டிபியில் ரீநேம் என்பது சர்வருக்குள்ளேயே நடக்கும் வேலை, கோப்பின் ஒரு பைட்டும் நெட்டில் போகாது. சர்வரும் நம் கட்டளையும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.0 அல்லது அதற்கு மேல் என்றால் சர்வருக்குள்ளேயே பிரதி எடுக்க சிபி கட்டளையும் உண்டு. அட்டவணையில் ஊரை மாற்றினேன். பழைய பாதை, புதிய பாதை இரண்டையும் வைத்து ரீநேம் வரிகளை ஒரு கோப்பாக என் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தது. அதை எஸ்எஃப்டிபியின் மைனஸ் பி ஆப்ஷனில் ஓட்டினேன். ஒரு வரி தோற்றாலும் அங்கேயே நின்றுவிடும், அதுதான் இங்கே வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை என்ற வரிக்கு முன்னால் மட்டும் ஒரு மைனஸ் போடலாம். திருத்திய அட்டவணையைத் தற்காலிகப் பெயரில் ஏற்றி, பழையதன் மேல் ரீநேம் செய்தேன், அந்த நேரத்தில் யாராவது பக்கத்தைத் திறந்திருந்தாலும் பாதிக் கோப்பு அவர் கண்ணில் படாது. கடைசியாக ஷா-256 பட்டியலில் பாதைகளை மாற்றி, அந்தக் கோப்புறைக்கு மட்டும் டவுன்லோட் ஆப்ஷனோடு செக் ஓட்டினேன். எல்லாம் பொருந்தியது.